வீட்டில் நிற்கும் டூரிங் மோட்டாரின் பேட்டரியைச் சாகவிடாமல் வைத்திருப்பது எப்படி?

கப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிளுக்குக் கிளப்ப உதை இருக்கிறது. பேட்டரி இளைத்துப்போனாலும் நாலு உதை உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், நாம் வேலைக்குப் போய்விடலாம். நெடுந்தூரம் போகும் பெரிய மோட்டார் சைக்கிளான டூரிங் மோட்டாரில் உதை கிடையாது. இருநூறு கிலோவுக்கு மேல் கனம் வேறு. தள்ளிக் கிளப்பலாம் என்றால், பெட்ரோலை மேலே அனுப்பும் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாமே பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் நான்கு பேர் தள்ளினாலும் வண்டி உருளுமே தவிர கிளம்பாது. பெரிய மோட்டார் ஓட்டுவதற்கான பி ஃபுல் லைசென்ஸ் எடுத்து முதல் பெரிய மோட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் இதை ஏதோ ஒரு விடியற்காலையில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். அந்தக் காலைப்பொழுது உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் என்ற ரப்பர் மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் தாமான் என்ற குடியிருப்புகளின் வீடுகளுக்கு வந்துவிட்டோம். நம் பிள்ளைகளுக்கு வேலை கோலாலம்பூரில், ஜொகூரில், சிங்கப்பூரில். மோட்டார் மட்டும் அம்மா அப்பா வீட்டுப் போர்ச்சில் நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும், வந்து எடுப்பார்கள். பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை இல்லை. தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் மோட்டாரின் பேட்டரி நாலைந்து வருடம் தாங்கும். நின்றுகொண்டே இருக்கும் மோட்டாரின் பேட்டரி ஒன்றரை வருடத்தில் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் சொந்த வண்டியிலேயே பார்த்தேன். ஏழு வாரம் தொடாமல் நிறுத்தியிருந்தேன். கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறிக் கிளந்தான் போவதாகத் திட்டம். கிரிக்குக்கும் ஜெலிக்கும் நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் காடு, யானை நடமாடும் இடம், அங்கே வண்டி நின்றால் உதவிக்கு ஆள் தேட வேண்டும். நல்லவேளை, வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினேன். மீட்டர் மங்கலாக எரிந்தது. பட்டனை அழுத்தியதும் சீட்டுக்கு அடியில் டக் டக் டக் டக் என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அடித்துக்கொண்டதே தவிர ஸ்டார்ட்டர் அசையவில்லை. கையை எடுத்தபோது கடிகாரம் 1:00 என்று புதிதாக ஆரம்பித்திருந்தது. பேட்டரியைக் கழற்றி ஒரு மோட்டார் கடையில் கொடுத்தேன். கார் பேட்டரிக்கு வைத்திருக்கும் பழைய சார்ஜரில் இரவு முழுக்க மாட்டிவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் பேட்டரியின் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது, கிட்டே போனால் அழுகிய முட்டை வாடை. கெட்டது நின்றதால் பாதி, தப்பான சார்ஜரால் மீதி. இரண்டையும் வீட்டிலேயே தவிர்க்கலாம்.

நிற்கும் பேட்டரி ஏன் இறங்குகிறது

12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு சின்ன அறைகள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும். உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. மின்சாரம் வெளியே போகப் போகத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழையபடி ஆகிவிடும். ஆனால் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு கெட்டிப்பட்டுப் பளிங்கு போல ஆகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. தகட்டில் அவ்வளவு இடம் போனது போனதுதான்.

ஒன்றுமே மாட்டாமல் அலமாரியில் வைத்தாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சூடு இதை விரட்டும்: 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிர் நாட்டில் எழுதப்பட்ட கையேட்டில் மூன்று மாதம் தாங்கும் என்று போட்டிருப்பதை, மதியம் 33 டிகிரி அடிக்கும் நம் போர்ச்சில் அப்படியே நம்பக் கூடாது. இதோடு மோட்டாரே உறிஞ்சுவதும் உண்டு. சாவி அணைந்திருந்தாலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டரின் நினைவு, திருட்டுக்குப் பயந்து நாம் மாட்டிய ஜிபிஎஸ் டிராக்கர் எல்லாம் இரவு பகலாகக் குடித்துக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் நம் ஊரோடு சேர்ந்த ஒரு சேதி. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோலா கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. இந்த நாட்டின் முதல் ரப்பர் மரங்களில் அது ஒன்று. பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் பேட்டரியின் பெட்டியைக் கெட்டி ரப்பரில்தான் செய்தார்கள், அமிலம் அதை அரிக்காது என்பதால். நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து சீவிய பால் உலகத்தில் எத்தனை பேட்டரிகளைச் சுமந்ததோ. பேட்டரியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

முதல் வேலை: ஒரு மல்டிமீட்டர்

சார்ஜர் வாங்குவதற்கு முன்னால் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கும் இந்த மீட்டரை வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைப்பதே போதும். விலையுயர்ந்த பொருள் தேவையில்லை, டிசி வோல்ட்டை இரண்டு புள்ளித் தசமத்தில் காட்டினால் சரி.

அளக்கும் நேரம் முக்கியம். ஓட்டிவந்து நிறுத்திய உடனேயோ சார்ஜரைக் கழற்றிய உடனேயோ அளந்தால் மீட்டர் பெரிய எண்ணைக் காட்டி ஏமாற்றும். இரவு நிறுத்தினால் காலையில் அளங்கள். குமிழியை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு முனையை மைனஸில். மேலே திருகில் தொடாமல், ஈய முனையிலேயே அழுத்திப் பிடிப்பது நல்லது.

இப்போது டூரிங் மோட்டார்களில் வருவது பெரும்பாலும் மூடி போட்ட, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரி. அதற்கு 12.8 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைவு. 12.5 என்றால் முக்கால் பங்குதான் இருக்கிறது, அன்றைக்கே சார்ஜில் போடுங்கள். 12.0 என்று வந்தால் பாதி காலி, இன்னும் ஒரு வாரம் விட்டால் கெட ஆரம்பிக்கும். 11.5க்குக் கீழே போனால் அநேகமாக ஒன்றுமே இல்லை. மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பழைய வகையில் நிறைவு என்பதே 12.6, 12.7தான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வகையில் அளவுக் கோட்டுக்குக் கீழே போனால் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் கூடாது.

12 என்ற எண்ணைப் பார்த்து, 12 வோல்ட் பேட்டரிதானே, சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. 12.8க்கும் 12.0க்கும் நடுவில் முக்கால் வோல்ட் சொச்சம்தான் வித்தியாசம். பேட்டரியின் பாதி உயிர் அதற்குள் இருக்கிறது.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் போட்டு வைங்கப்பா"

ஊருக்குப் போகும் பிள்ளை அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகும் வாசகம் இது. அப்பாவும் பாசத்தோடு காலையில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவார். தயவுசெய்து வேண்டாம். ஸ்டார்ட்டர் ஒரே இழுப்பில் பெரிய அளவு மின்சாரத்தை எடுக்கும். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சினால் அதைத் திருப்பித் தர முடிவதில்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை ஹெட்லைட்டும் விசிறியும் பம்ப்பும் தின்றுவிடும். மலேசியாவில் பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்று 1992 முதல் சட்டம். பெரிய மோட்டார்களில் பெரும்பாலும் விளக்கை அணைக்கச் சுவிட்சே கிடையாது. 55 வாட் பல்ப் ஒன்று மட்டுமே நாலு ஆம்பியர் எடுக்கும். எஞ்சினும் முழுச் சூடு ஏறாமல் நிற்பதால் உள்ளே ஈரம் தங்கி எண்ணெயில் கலக்கும்.

அப்பாவுக்கு ஓட்டத் தெரியும் என்றால் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள், அது உதவும். அதுவும் கொஞ்சம் இறங்கிய பேட்டரியை ஏற்றத்தான். பாதிக்கு மேல் காலியான பேட்டரியை ஒரு ஓட்டத்தில் நிரப்ப முடியாது, சார்ஜர்தான் வேண்டும்.

மோட்டார் என்ன குடிக்கிறது என்று பாருங்கள்

இந்த அளவை எடுக்க அரை மணி நேரம் ஆகும். எடுத்துவிட்டால் எத்தனை நாள் நிறுத்தலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாக.

சாவியை எடுத்துவிடுங்கள். மைனஸ் வயரை மட்டும் பேட்டரியிலிருந்து கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஓட்டைக்கு மாற்றி, குமிழியையும் டிசி 10 ஆம்பியருக்கு வையுங்கள். இப்போது கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில், சிவப்பு முனை கழற்றிய வயரின் நுனியில். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். தொட்ட முதல் சில நொடிகள் எண் துள்ளும், கம்ப்யூட்டர் விழித்துக்கொள்வதால். சில நிமிடம் பிடித்துக்கொண்டிருங்கள், அடங்கும். இந்த நிலையில் எந்தக் காரணம் கொண்டும் சாவியைத் திருப்பாதீர்கள், பட்டனைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அடங்கியபின் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரோ ஐந்தோ காட்டினால் இயல்பு. எண் மிகச் சின்னதாக இருந்தால் மில்லி ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றித் துல்லியமாகப் பார்க்கலாம்.

கணக்கு எளிது. பல டூரிங் மோட்டார்களில் இருக்கும் ஒய்டிஎக்ஸ்14 பிஎஸ் வகைப் பேட்டரியின் கொள்ளளவு 12 ஆம்பியர் மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 12 மணி நேரம். அதில் பாதி, அதாவது 6, போய்விட்டால் ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லி ஆம்பியர் குடிக்கும் மோட்டார் ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர் மணி எடுக்கும். 50 நாள் தாங்கும். நீங்கள் ஒரு டிராக்கர் மாட்டி அது 20 மில்லி ஆம்பியர் ஆகிவிட்டது என்றால் ஒரு நாளைக்கு 0.48. பன்னிரண்டு நாளில் பாதி காலி. பேட்டரி தானாக இறங்குவதை இதில் சேர்க்கவே இல்லை. மாதம் ஒருமுறை வரும் பிள்ளையின் மோட்டார் ஏன் கிளம்பவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எண் பெரிதாக இருந்தால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மீட்டரைப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் ஒழுகுகிறது. பெரும்பாலும் கம்பெனி போட்ட சாமான் குற்றவாளியாக இருக்காது. நாம் பிறகு மாட்டிய யுஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம், ஸ்பாட்லைட் இவைதான். நேராகப் பேட்டரியில் சொருகியிருப்பார்கள். அவற்றை ரிலே வைத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் போகும்படி மாற்றச் சொல்லுங்கள். டிராக்கரை அப்படி மாற்ற முடியாது, அதற்கு இரவு பகல் மின்சாரம் வேண்டும். டிராக்கர் வைத்திருப்பவர்களுக்குச் சார்ஜர் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் மீட்டரின் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் ஓட்டைக்கு மாற்றுங்கள். மறந்து, அடுத்த முறை பேட்டரியின் பிளஸ் மைனஸில் வைத்தால் நேரடி ஷார்ட். தீப்பொறி பறக்கும்.

எந்தச் சார்ஜர்

நிறைந்ததும் தானாக அடங்கும் சார்ஜர்தான் வேண்டும். ஆப்டிமேட், சிடெக், நோகோ, பேட்டரி டெண்டர் எல்லாம் இந்த வகையில் பெயர் பெற்றவை. முதலில் ஒரே அளவான மின்சாரம் கொடுத்து ஏற்றும், 14 வோல்ட்டைத் தாண்டியதும் மெல்ல மெல்லக் குறைக்கும், நிறைந்தபின் 13.2, 13.6 போன்ற தாழ்ந்த நிலையில் பிடித்துவைத்திருக்கும். வாரக்கணக்கில் மாட்டிவைத்தாலும் பேட்டரியைக் கொதிக்க விடாது. என் பேட்டரியை உப்பவைத்த மாதிரிப் பழைய சார்ஜருக்கு இந்த அறிவு கிடையாது, போட்டால் போட்டபடி தள்ளிக்கொண்டே இருக்கும்.

அளவு எப்படிப் பார்ப்பது? பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு. 12 ஆம்பியர் மணிக்கு ஒரு ஆம்பியர் சொச்சம். ஒரு ஆம்பியர் சார்ஜரில் பாதி காலியான பேட்டரி நிறைய ஒரு முழு இரவு ஆகும். அவசரப்பட்டுப் பத்து ஆம்பியர் கார் சார்ஜர் வாங்காதீர்கள்.

இணையத்தில் வாங்குபவர்கள் பிளக்கைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதில் பாதிக்கு இரண்டு உருண்டைக் கால் இருக்கும். நம் சாக்கெட்டுக்கு மூன்று கால் பிளக் வேண்டும். குச்சியை விட்டு அழுத்தித் திறந்து இரண்டு கால் பிளக்கைச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரவு முழுக்க, வாரம் முழுக்க ஓடும் பொருளுக்கு அதைச் செய்யாதீர்கள். ஆட்டம் கண்ட இடத்தில்தான் சூடு பிறக்கும்.

லித்தியம் பேட்டரி மாற்றியிருந்தால் லித்தியத்துக்கு என்று எழுதியிருக்கும் சார்ஜர் மட்டும். ஈயப் பேட்டரியின் படிவைக் கரைக்க அதிக வோல்ட்டில் துடிப்புக் கொடுக்கும் வசதி சில சார்ஜர்களில் உண்டு, லித்தியத்துக்கு அது ஆகாது. ஈயப் பேட்டரியிலும் அந்த வசதியைப் பயன்படுத்துவதாக இருந்தால் பேட்டரியை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டுச் செய்வது மோட்டாரின் கம்ப்யூட்டருக்கு நல்லது.

வயரைப் பொருத்துவது

நல்ல சார்ஜரோடு இரண்டு வளையம் வைத்த ஒரு குட்டி வயர் வரும், நடுவில் ஃபியூஸ் இருக்கும். அதை ஒருமுறை பேட்டரியில் திருகிவிட்டால் போதும், பிறகு ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சீட்டைக் கழற்றுங்கள். சில மோட்டார்களில் பேட்டரி டாங்க்குக்கு அடியிலோ பக்கத்து மூடிக்குள்ளோ இருக்கும், கையேட்டைப் பாருங்கள். கையில் மோதிரம், காப்பு, இரும்புக் கடிகாரம் இருந்தால் கழற்றிவையுங்கள். மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது பிளஸ்தான் முதலில். காரணம் தெரிந்தால் மறக்காது: மோட்டாரின் சட்டம் முழுக்க மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் ஸ்பானரை வைத்து, அது சட்டத்தில் பட்டால் பேட்டரியின் முழுச் சக்தியும் ஸ்பானர் வழியாகப் பாயும்.

இங்கே எல்லோரையும் வதைப்பது அந்தச் சின்ன சதுர நட்டு. ஈய முனைக்குள் அது லொடலொடவென்று கிடக்கும். திருகாணியை மேலிருந்து விட்டால் நட்டு கீழே இறங்கிவிடும், மரை பிடிக்காது. இப்போது இன்னொரு வளையம் வேறு சேர்வதால் திருகாணி இன்னும் குட்டையாகத் தெரியும். பள்ளிக்கூட அழிரப்பரில் ஒரு துண்டு வெட்டி நட்டுக்கு அடியில் திணித்துவிடுங்கள். நட்டு மேலேயே நிற்கும், திருகாணி முதல் சுற்றிலேயே கவ்வும். ரப்பர் அங்கேயே இருக்கட்டும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சோடா மாவைத் தண்ணீரில் கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, இறுக்கியபின் வாஸ்லின் தடவுங்கள். இறுக்கம் சரியாக இருக்க வேண்டும். கையால் ஆட்டினால் வயர் அசையக் கூடாது. பேட்டரி செத்துவிட்டது என்று வந்த மோட்டார்களில் முனை லூசாக இருந்ததைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத வண்டிகளும் உண்டு.

வயரின் மறுமுனையைச் சூடான எஞ்சினிலும் எக்ஸாஸ்டிலும் படாமல், ஹாண்டில் திரும்பும்போது நசுங்காமல் கொண்டுவந்து, சீட்டின் ஓரத்தில் டை கட்டி நிறுத்துங்கள். ரப்பர் மூடியைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீரும் எறும்பும் குடியேறும்.

பிஎம்டபிள்யூ போன்ற சில மோட்டார்களில் இருக்கும் 12 வோல்ட் துளையிலேயே சார்ஜரைச் சொருகலாம், ஆனால் சாவி அணைந்தபின் கம்ப்யூட்டர் அந்தத் துளையை மூடிவிடும். மோட்டாரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் இணைப்பான கேன்பஸ்ஸுக்கு என்று உள்ள சார்ஜர் அல்லது மேலே சொன்ன வளைய வயர் வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கையில்

நான் ஊரில் இல்லாத நாட்களில் சார்ஜரைப் பார்த்துக்கொள்வது அம்மா. ஆரம்பத்தில் மாதம் முழுக்கச் சொருகியே வைத்திருந்தேன். சார்ஜர் அதைத் தாங்கும். ஆனால் நம் பக்கத்து மதிய இடியைச் சார்ஜர் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் சாக்கெட்டில் இருப்பது எதுவும் நம்முடையது இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனின் ஆஸ்ட்ரோ டிவி பெட்டி அப்படிப் போனதைப் பார்த்தபின் ஏற்பாட்டை மாற்றினோம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் சாமி விளக்கு ஏற்றிவிட்டுப் போர்ச்சு சுவிட்சைத் தட்டுவார். சனிக்கிழமை காலையில் வாசல் கூட்ட வரும்போது அடைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுவார். நடுவில் எனக்கு ஒரு போன்: "பச்சை எரியுதுப்பா." அவ்வளவுதான். வாரம் ஓர் இரவு போதும், இரண்டு வருடமாக அந்தப் பேட்டரி காலையில் 12.8க்குக் கீழே இறங்கியதில்லை.

அம்மாவுக்கு நான் எழுதி ஒட்டிவைத்தது இதுதான்: முதலில் மோட்டார் வயரைச் சொருகு, பிறகு சுவரில் சுவிட்சைப் போடு. எடுக்கும்போது முதலில் சுவிட்ச், பிறகு மோட்டார் வயர். பச்சைக்குப் பதில் சிவப்பு சிமிட்டினாலோ, பெட்டி கை வைக்க முடியாமல் சுட்டாலோ, முட்டை வாடை வந்தாலோ, சுவிட்சை அடைத்துவிட்டு எனக்குப் போன் செய். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரக்கூடும், தீப்பிடிக்கும் வாயு. திறந்த போர்ச்சில் பயமில்லை. கதவடைத்த சின்ன அறையில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். பக்கத்தில் சாம்பிராணி, கொசுவத்தி, சிகரெட் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் தரையில் மழைத் தண்ணீர் வரும் வழியில் போடாமல், மேலே தொங்கவிடுங்கள்.

போர்ச்சில் சாக்கெட் இல்லையென்றால்

லயத்து வீட்டில் கொட்டகையில் நிறுத்துபவர்களுக்கு இது உண்டு. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் பலகை மேல் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடலாம். கழற்றிவிட்டாலே மோட்டார் குடிப்பது நின்றுவிடுகிறது, அதுவே பெரிய லாபம். டிராக்கர் இருப்பவர்களுக்கு இந்த வழி ஆகாது. பத்து வாட் சோலார் தகடு ஒன்றைக் கொட்டகைக் கூரையில் வைத்து, வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் கன்ட்ரோலர் வழியாக வயர் இழுக்கலாம். கன்ட்ரோலர் இல்லாமல் நேராக மாட்டினால் நல்ல வெயிலில் வோல்ட் ஏறிப்போகும்.

சார்ஜ் நிற்கவில்லை என்றால்

இரவு முழுக்க ஏற்றி, காலையில் 12.8 இருந்து, மாலையில் ஒன்றுமே மாட்டாமல் 12.3க்கு வந்துவிட்டால் பேட்டரி உள்ளே முடிந்துவிட்டது. இன்னொரு சோதனை: மீட்டரைப் பேட்டரியில் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். எண் 10க்குப் பக்கத்தில் தாங்கினால் பரவாயில்லை, 9க்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

மாற்றுவதற்கு முன்னால் மோட்டார் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எஞ்சினை நாலாயிரம் சுற்றில் பிடித்து அளந்தால் 13.5க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். 13க்குக் கீழே நின்றால் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டரோ, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ, வயரோ பழுது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர். இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி போட்டால் அதையும் அந்த ரெகுலேட்டர் கொன்றுவிடும்.

வழியில் செத்துவிட்டால் காரிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பலாம், கார் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். பிளஸ்ஸுக்குப் பிளஸ், கடைசி மைனஸைப் பேட்டரியில் கொடுக்காமல் மோட்டாரின் வண்ணம் இல்லாத இரும்பில் கொடுங்கள்.

புதியது வாங்கும்போது

கையேட்டில் இருக்கும் அதே எண் பேட்டரியைக் கேளுங்கள். பிளஸ் எந்தப் பக்கம் என்பதையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமிலம் தனியாக வரும் வகை என்றால் கடையில் ஊற்றி, மூடியை அழுத்தி, உடனே மோட்டாரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மோட்டாரும் கிளம்பிவிடும். ஆனால் அமிலம் ஊற்றிய பேட்டரியில் அப்போது முக்கால் பங்கு, எண்பது சதவீதம் போலத்தான் இருக்கும். ஊற்றியபின் அரை மணி நேரமாவது ஊறவிட்டு, முதல் சார்ஜை முழுதாகக் கொடுக்க வேண்டும். அதைக் கடையில் செய்யச் சொல்லுங்கள், நேரமில்லை என்றால் வாங்கிவந்து வீட்டில் உங்கள் சார்ஜரில் ஓர் இரவு போட்டுவிட்டு மோட்டாரில் மாட்டுங்கள். மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் பேட்டரியின் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பழையதை வீட்டுக்குப் பின்னால் போட்டுவைக்காதீர்கள். அமிலமும் ஈயமும் மழையில் கரைந்து மண்ணுக்குப் போகும், அங்கேதான் நம் கறிவேப்பிலையும் முருங்கையும் நிற்கின்றன. முனைகளில் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் வாளியில் நேராக நிறுத்திக் கடைக்கே எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு, புதியதின் விலையில் கழித்துக்கொள்வார்கள்.